தேறுவதும் தேற்றுவதும்: துன்பத்திலிருந்து மனம் எப்படி மீள்கிறது?

பத்து நாள் காய்ச்சலில் கிடந்த பிள்ளை எழுந்து உட்கார்ந்து ஒரு வாய் கஞ்சி கேட்டால், "இனித் தேறிவிடும்" என்று எங்கள் கொங்குப் பக்கத்துப் பாட்டிமார் அப்போதுதான் மூச்சு விடுவார்கள். பரீட்சையில் வென்ற பையனும் தேறிவிட்டான்தான். கணவனைப் பறிகொடுத்த பெண் சில மாதங்கள் கழித்து மறுபடியும் களை வெட்டக் கிளம்பினால், மனதைத் தேற்றிக்கொண்டாள் என்கிறோம். உடம்புக்கும் படிப்புக்கும் துக்கத்துக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்.

உளவியல் படித்தவர்கள் இதை 'மீள்திறன்' என்கிறார்கள். இழப்பு, தோல்வி, நோய், கடன், அவமானம் என்று ஏதோ ஒன்று ஒருவரைக் கீழே தள்ளிய பிறகு, அவர் மெல்ல மெல்லத் தன் அன்றாடத்துக்குத் திரும்புவதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. சரியான சொல்தான். ஆனாலும் 'திறன்' என்றதும், அது சிலரிடம் இருக்கும், சிலரிடம் இருக்காது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. 'தேறு' என்பதோ வினை. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது. அதற்கு ஒரு பிறவினையும் உண்டு: தேற்று. காயம் ஆறுகிறது, அருகில் இருப்பவர் ஆற்றுகிறார். ஒருவர் தேறுகிறார், இன்னொருவர் தேற்றுகிறார். தனியாக ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுவதை மட்டும் நம் மொழி எண்ணியிருந்தால் இந்த இரண்டாவது சொல் தேவைப்பட்டிருக்காது.

காங்கயம் பக்கத்தில் இருக்கிற என் அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டில், கீழ்பவானி வாய்க்காலில் புதுத் தண்ணீர் வரும்போது அது செம்மண் கரைசலாகத்தான் வரும். அம்மாயி மண்குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை நாலு இழைப்பு இழைத்து, தண்ணீரை ஊற்றி மூடி வைப்பார். விடிந்து பார்த்தால் மேலே தெளிந்த நீர், அடியில் மண். மண் எங்கும் போய்விடவில்லை, அடியில் படிந்திருக்கிறது. குடத்தை வேகமாக அசைத்தால் மறுபடி கலங்கும், சற்றுப் பொறுத்தால் மறுபடி தெளியும். இழந்ததை அடியோடு மறந்தால்தான் தேறியதாக அர்த்தம் என்று நினைத்து வருந்துகிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். மறக்க வேண்டியதே இல்லை. குடிக்கிற அளவுக்குத் தண்ணீர் தெளிந்தால் போதும்.

கல்நெஞ்சு வேறு

திருப்பூரில் பன்னிரண்டு தையல் மெஷின் போட்டு, கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்திக்கொண்டிருந்தேன். ஓவர்லாக், பிளாட்லாக் எல்லாம் சேர்த்துத்தான் பன்னிரண்டு. டைலர், கைமடி, செக்கிங் என்று இருபது பேர் அதை நம்பி இருந்தார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. தைத்துக் கட்டி அனுப்பிய சரக்குக்குக் கூலி கேட்டபோது, வேலை கொடுத்த இடத்தில் ஆர்டரே ரத்தாகிவிட்டது என்றார்கள். அந்தப் பாக்கி கடைசி வரை வரவில்லை. மெஷின்களை ஒவ்வொன்றாக விற்று வேலையாட்களின் கூலியைக் கொடுத்து முடித்தேன். பிறகு ஷட்டரை இறக்கிவிட்டு, மனைவி பிள்ளைகளோடு அம்மாயி வீட்டுக்குப் போய்விட்டேன்.

அங்கே மூன்று மாதம் நான் அழவில்லை, யாரிடமும் எதையும் சொல்லவில்லை. "கல்லு மாதிரி இருக்கிறான், நல்ல திடமான மனசு" என்று உறவினர்கள் மெச்சினார்கள். இரவு இரண்டு மணிக்கு விழித்தால் விடியும் வரை தூக்கம் வராது என்பதும், பிள்ளைகள் பேசுவது காதில் விழுந்தாலும் மனதில் ஏறாது என்பதும் எனக்கு மட்டுந்தான் தெரியும். இந்த மண்ணில் கல்லாக இருப்பது பெருமை. யாரிடமும் கை நீட்டாதவன், வீட்டுக் கஷ்டத்தை வெளியே காட்டாதவன் என்று பெயரெடுப்பதற்காகவே ஒருவர் ஆயுள் முழுவதும் உழைப்பதைப் பார்க்கலாம். அந்தப் பெருமையில் நல்லதும் இருக்கிறது. இந்த வறண்ட பூமியில் இத்தனை தொழில்களை எழுப்பியதில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் விழுந்துவிட்ட ஒருவருக்கு அதே பெருமை வாயைக் கட்டிப்போடுகிறது.

உணர்ச்சியே காட்டாமல் இருப்பதும் தேறுவதும் ஒன்றல்ல. தேறுகிறவர் அழுவார், கோபப்படுவார், சில நாள் படுக்கையை விட்டு எழாமலும் இருப்பார். பிறகு ஒரு நாள் எழுவார், அடுத்த நாள் மறுபடி படுத்துக்கொள்வார். வெளியில் இருந்து பார்த்தால் அது பலவீனமாகக்கூடத் தெரியும்.

ஒரு தீவில் பிறந்த 698 குழந்தைகள்

இந்தத் துறையில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய ஆய்வு ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் நடந்தது. 1955ஆம் ஆண்டு அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் ஆகிய இரு பெண் ஆய்வாளர்கள், அவர்கள் நாற்பது வயதைத் தொடும் வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பெற்றோரின் குடிப்பழக்கம், மனநோய், ஓயாத சண்டை என்று பல துன்பங்கள் ஒன்றாகக் குவிந்த வீடுகளில் வளர்ந்த குழந்தைகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது, அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அன்பும் தன்னம்பிக்கையும் உள்ள, வேலையில் நிலைத்த பெரியவர்களாக வளர்ந்திருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு வாய்த்தது என்ன? பெரும் பணமோ அபார மூளையோ அல்ல. அவர்களை விடாமல் நேசித்த ஒருவராவது இருந்தார். அது பெற்றோராகவே இருக்கவேண்டும் என்றில்லை. பாட்டியாக, அத்தையாக, அண்டை வீட்டாராக, ஆசிரியராக இருந்தது. இன்னொன்று, வீட்டில் அவர்களை நம்பி ஒப்படைக்கப்பட்ட ஒரு வேலை இருந்தது: தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போல. நம்மை நம்பி ஒரு காரியம் இருக்கிறது என்பது ஒரு பிள்ளையை நிமிர்த்துகிறது.

என்னை மிகவும் தொட்டது இந்த ஆய்வின் பிற்பகுதி. பதின்ம வயதில் வழிதவறிப் போனவர்களில் பலர் முப்பது, நாற்பது வயதுக்குள் திருந்தி நல்ல வாழ்க்கைக்குத் திரும்பியிருந்தார்கள். நல்ல துணை, நிலையான வேலை, விட்ட படிப்பைத் தொடர்ந்தது, ஒரு வழிபாட்டுக் கூட்டத்தில் சேர்ந்தது என்று ஏதோ ஒன்று அவர்களுக்கு இரண்டாவது கதவாக இருந்தது. இருபதில் தேறாதவர் நாற்பதில் தேறலாம். "இவன் அவ்வளவுதான்" என்று ஒரு பிள்ளையைப் பார்த்து நாம் சொல்லும் வார்த்தைக்கு அங்கே ஆதாரம் இல்லை.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆன் மாஸ்டன் 2001இல் இதையே வேறு விதமாகச் சொன்னார். மீண்டெழுவது அபூர்வமானவர்களின் வரம் என்று நினைத்துத் தேடப் போன ஆய்வாளர்கள், அது மிகச் சாதாரணமான விஷயங்களில் இருந்து பிறப்பதைக் கண்டு வியந்தார்கள் என்றார் அவர்: நல்ல உறவு, இயங்கும் மூளை, ஒரு பள்ளி, ஒரு ஊர். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் பொனானோ, நெருங்கியவரைப் பறிகொடுத்தவர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, பெரும்பாலானோர் கடும் நோய் நிலைக்குப் போகாமலே தங்கள் வாழ்க்கையைத் தொடர்கிறார்கள் என்று 2004இல் எழுதினார். மனிதருக்கு மீள்வதுதான் வழக்கம்.

வறண்ட போர்வெல் சொல்லும் பாடம்

கொங்கு நாட்டில் தோல்வி எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஆழ்துளைக் கிணறுதான். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்த்து, இடம் குறித்து, பூசை போட்டு, ரிக் வண்டியை வரவழைத்து, ஆயிரம் அடிக்கும் மேல் இறக்கி, கடைசியில் வெறும் கல் தூசி மட்டும் மேலே வரும். வண்டிக்காரருக்கு அடிக்கு இவ்வளவு என்று கொடுத்தே ஆகவேண்டும். கடன் வாங்கிய பணம் தூசியாகப் போய்விட்டது.

அந்த இரவில் மூன்று விவசாயிகள் மூன்று விதமாகச் சொல்லிக்கொள்வார்கள். "எனக்கு ராசியே இல்லை. நான் தொட்டது எதுவும் துலங்காது" என்பார் ஒருவர். "இனி இந்தத் தோட்டமே ஆகாது, விவசாயமே ஆகாது" என்பார் இரண்டாமவர். "இந்த இடத்தில் இந்த ஆழத்தில் ஊற்று அகப்படவில்லை. பாறை அமைப்பைப் பார்க்காமல் அவசரப்பட்டது என் தப்பு. தென்னையைக் குறைத்துக்கொண்டு இந்த வருடத்தை ஓட்ட முடியுமா பார்க்க வேண்டும்" என்பார் மூன்றாமவர். நடந்தது ஒன்றுதான். இழந்த பணமும் ஒன்றுதான்.

மார்ட்டின் செலிக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதில் மூன்று கேள்விகளைப் பிரித்துக் காட்டினார். இது என்றைக்கும் இப்படியே இருக்கும் என்கிறோமா, இப்போதைக்கு இப்படி என்கிறோமா? எல்லாவற்றையும் இது கெடுத்துவிட்டது என்கிறோமா, இந்த ஒன்றை மட்டும் என்கிறோமா? முழுக்க என்னால் என்கிறோமா, பிற காரணங்களையும் பார்க்கிறோமா? முதல் வகைப் பதில்களே வழக்கமாகிப் போனவர்களிடம் மனச்சோர்வு எளிதில் குடியேறுகிறது.

இதை 'நல்லதையே நினை' என்று சுருக்கிவிடுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. மூன்றாவது விவசாயி நல்லதை நினைக்கவில்லை. தன் தப்பையும் ஒப்புக்கொண்டார். அவர் செய்தது ஒன்றே ஒன்று: இழப்பின் அளவு எவ்வளவோ அவ்வளவு மட்டும் சொன்னார், ஒரு படி கூட்டிச் சொல்லவில்லை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகளில் மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்க்கும்போது இதை அவர்களுக்கு யாராவது கற்றுத்தர வேண்டும் என்று துடிக்கிறது. "நான் மக்கு" என்பதும் "கரிம வேதியியலில் இரண்டு பாடம் எனக்குப் புரியவில்லை" என்பதும் ஒரே மதிப்பெண்ணைப் பற்றிய இரண்டு வாக்கியங்கள்தான். இரண்டாவதற்குத் தீர்வு இருக்கிறது.

ஐம்பது வருடம் கழித்துத் திருத்தப்பட்ட ஒரு கண்டுபிடிப்பு

இதே செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் மாணவர்களாக இருந்தபோது, 1967இல், நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். படிக்கவே மனதுக்குக் கஷ்டமான சோதனை. சில நாய்களுக்கு மின்னதிர்ச்சி தரப்பட்டது. அவை என்ன செய்தாலும் அதை நிறுத்த முடியாது. பிறகு, ஒரு தாழ்வான தடுப்பைத் தாண்டினால் தப்பித்துவிடலாம் என்கிற ஒரு பெட்டிக்குள் அவற்றை விட்டபோது, அவற்றில் பல தாண்ட முயலாமலே படுத்துக்கொண்டன. முந்தைய அனுபவத்தில் இருந்து அவை 'கையாலாகாத்தனத்தைக் கற்றுக்கொண்டன' என்று அப்போது விளக்கினார்கள். உலகமெங்கும் பாடப்புத்தகங்களில் அது ஏறிவிட்டது.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கும் கருவிகளும் முறைகளும் வந்த பிறகு, அதே இருவரும் 2016இல் தங்கள் விளக்கத்தைத் தாங்களே தலைகீழாகத் திருத்தினார்கள். நீண்ட துன்பத்தில் உயிர் செயலற்று ஒடுங்கிக்கொள்வது கற்றுக்கொண்டதல்ல. அதுதான் இயல்பாக முதலில் நடப்பது. மாறாக, 'நான் செய்வதால் ஏதோ மாறுகிறது' என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்கிறது. அப்படிக் கற்றதும் மூளையின் முன்பகுதி, ஒடுங்கச் சொல்கிற அடிப்பகுதியை அடக்கிவைக்கிறது.

இதைப் படித்த அன்று எனக்கு நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கியது. அந்த மூன்று மாதம் நான் முடங்கிக் கிடந்தது என் சோம்பலோ கோழைத்தனமோ அல்ல. அடிபட்ட எந்த உயிரும் செய்வதைத்தான் என் உடம்பும் செய்திருக்கிறது. அதிலிருந்து வெளியே வரப் பெரிய வெற்றி எதுவும் வேண்டியதில்லை. என் கையால் ஒன்று மாறுகிறது என்று உடம்புக்கு மறுபடி மறுபடி காட்டினால் போதும்.

எனக்கு அதைக் காட்டியது அம்மாயி. அவர் எந்த ஆய்வையும் படித்தவரில்லை. ஒரு நாள் விடியற்காலையில் வந்து, "கண்ணு, முழங்கால் வலிக்கிறது. இன்றைக்கு மட்டும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வா சாமி" என்றார். இன்றைக்கு மட்டும் என்பது மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. மாடு காத்திருக்கும். நான் போனால் தண்ணீர் குடிக்கும், போகாவிட்டால் கத்தும். சாணி வழித்துக் கட்டுத்தரையைக் கூட்டினால் அந்த இடம் சுத்தமாகும். இருபது பேருக்குக் கூலி கொடுத்துக்கொண்டிருந்தவனுக்கு இது மிகச் சின்ன வேலைதான். ஆனால் காலை ஏழு மணிக்குள் நான் செய்த ஒன்றால் உலகில் ஏதோ ஒன்று ஒழுங்குக்கு வந்திருந்தது. அவருடைய முழங்காலில் அப்போது வலி இருந்ததா என்று இன்று வரை நான் கேட்கவில்லை.

மனநல மருத்துவர்கள் சோர்வில் இருப்பவர்களுக்குப் பயிற்சி தரும்போது இதே வழியைத்தான் கையாள்கிறார்கள். மனம் சரியானதும் வேலையைத் தொடங்கலாம் என்று காத்திருக்கச் சொல்வதில்லை. சிறு வேலையை முதலில் தொடங்கச் சொல்கிறார்கள். மனம் பின்னால் வந்து சேரும்.

அசைபோடுவது

மாடு அசைபோட்டால் தின்றது செரிக்கிறது. மனிதர் கவலையை அசைபோட்டால் அது செரிப்பதே இல்லை. அதே புல் அதே வாயில் சுற்றிக்கொண்டிருக்கிறது. "அன்றைக்கு அந்த ஆர்டரை எடுக்காமல் இருந்திருந்தால்" என்ற ஒரு வாக்கியத்தை நான் எத்தனை ஆயிரம் முறை மென்றிருப்பேனோ தெரியாது.

1989 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் ஒரு பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பாக, ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் துயரத்தை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று சூசன் நோலன்-ஹொக்சீமா என்ற உளவியலாளர் தற்செயலாக ஓர் அளவீடு எடுத்திருந்தார். நிலநடுக்கத்துக்குப் பிறகு மறுபடி பார்த்தபோது, கவலையைத் திரும்பத் திரும்ப மெல்லும் பழக்கம் முன்பே உள்ளவர்களிடம் மனச்சோர்வு அதிகமாக இருந்தது. நெடுநேரம் யோசிப்பதால் வழி பிறக்கும் என்று நாம் நம்புகிறோம். யோசனைக்கும் அசைபோடுவதற்கும் வித்தியாசம் எளிது: யோசனையின் முடிவில் அடுத்து செய்ய ஒரு காரியம் கையில் இருக்கும்.

எனக்கு உதவியது ஒரு கணக்கு நோட்டு. யாருக்கு எவ்வளவு தரவேண்டும், வட்டி எவ்வளவு, யாரிடம் இருந்து வரவேண்டும், அதில் எது வரவே வராது என்று நேர்மையாக எழுதினேன். எழுதி முடித்தபோது கை நடுங்கியது. ஆனால் இருட்டில் நான் பயந்துகொண்டிருந்த தொகையைவிட அது குறைவாக இருந்தது. கணக்கைத் தவிர மனதில் இருந்ததையும் பின் பக்கங்களில் எழுதினேன். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களிலேயே மாணவர்களைத் தங்கள் ஆழ்ந்த வேதனையைப் பற்றி நாளுக்குக் கால்மணி நேரம், நான்கு நாள் எழுதவைத்து, அதனால் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்ததைக் காட்டினார். பின்னால் வந்த ஆய்வுகளில் இதன் பயன் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை, சராசரியாகப் பார்த்தால் சிறியதுதான். எழுதும்போது வேதனை கூடினால் நிறுத்திவிடலாம்.

கொறங்காட்டுப் புல்

காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கம் கோடையில் பஸ்ஸில் போனால் இருபுறமும் வேலியிட்ட மேய்ச்சல் நிலங்கள் தெரியும். அவற்றுக்குக் கொறங்காடு என்று பெயர். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். சித்திரையில் பார்த்தால் செத்துப்போன நிலம் என்றே சொல்வீர்கள். ஒரு நல்ல மழை விழட்டும், பத்து நாளில் அடித்தூரில் இருந்து பச்சை கிளம்பும்.

புல்லின் குணம் மட்டும் அதற்குக் காரணமில்லை. காடு வைத்திருப்பவர்கள் நிலத்தைத் துண்டு துண்டாக வேலியிட்டுப் பிரித்திருப்பார்கள். ஒரு துண்டில் மேய்ந்த மாட்டை அடுத்த துண்டுக்கு மாற்றிவிட்டு, முதல் துண்டை ஆறவிடுவார்கள். மழை பெய்து முளைத்த உடனே மாட்டை உள்ளே விடமாட்டார்கள். புல் தூர் பிடிக்கக் காத்திருப்பார்கள். காத்திராமல் மேயவிட்டால் காங்கயம் காளைக்குத் தீனி தரும் அந்தப் புல்லே அழிந்துவிடும்.

விழுந்தவரிடம் "சீக்கிரம் எழு" என்று நெருக்குவது, தளிர்த்த மறுநாளே மாட்டை விடுவது போலத்தான். தூக்கம், வேளைக்குச் சாப்பாடு, வெயில் படும்படி கொஞ்சம் நடை, இவை சிறிய விஷயங்களாகத் தோன்றலாம். மூளை உடம்பின் ஓர் உறுப்பு. நாலு நாள் தூங்காதவரிடம் மனவுறுதி பற்றிப் பேசுவதில் பயன் இல்லை. முதலில் தூங்கவைக்க வேண்டும்.

சாவு வீட்டுக்கு ஊரே வருகிறது

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இதுதான்.

எங்கள் ஊர்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியாது. உறவினர் வீட்டில் இருந்து சோறு வரும். மாமன் மச்சான் கோடித்துணி கொண்டு வருவார்கள். மூன்றாம் நாள் காரியம், கருமாதி என்று நாட்கள் வரிசையாகக் காத்திருக்கும். நெடுநாள் பேசாத பங்காளிகூட துக்கம் விசாரிக்க வந்து, பேச ஒன்றும் இல்லாமல் திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். துக்கப்பட்டவர் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அழலாமா கூடாதா என்று யோசிக்க வேண்டியதில்லை. தேற்றுவதற்கான ஏற்பாட்டை ஊர் பல தலைமுறையாகச் செய்துவைத்திருக்கிறது.

ஆனால் யூனிட்டை இழுத்து மூடியவர் வீட்டுக்கு யார் துக்கம் விசாரிக்கப் போகிறோம்? வேலை போனவர், மணமுறிவு பெற்று வந்த மகள், நீட் தேர்வில் மூன்றாம் முறையும் இடம் கிடைக்காத பையன், வேர்வாடல் நோயில் தென்னந்தோப்பை வெட்டிச் சாய்த்த பொள்ளாச்சிக்காரர், விசைத்தறியை எடைக்குப் போட்ட சோமனூர்க்காரர், இவர்கள் வீட்டு வாசலில் பந்தல் இல்லை. எந்த நாளில் போவது, என்ன சொல்வது என்று நமக்கு வழக்கம் இல்லை. கேட்டால் சங்கடப்படுவார்கள் என்று நாம் ஒதுங்குகிறோம். ஒதுக்குகிறார்கள் என்று அவர்கள் நினைக்கிறார்கள். சாவுக்கு நிகரான இழப்பு, சாவுக்கு உள்ள துணை இல்லாமல் நடந்து முடிகிறது.

கோவையின் ஜி.டி. நாயுடுவைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், பஞ்சு வியாபாரத்தில் கையில் இருந்ததை இழந்தவர், 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொடங்கிப் பெரிய போக்குவரத்து நிறுவனத்தை எழுப்பியவர் என்று சொல்வோம். விடாமுயற்சி என்று முடிப்போம். அந்த முதல் பஸ்ஸுக்கு, கோவையில் தொழில் நடத்திய ஆங்கிலேயரான ராபர்ட் ஸ்டேன்ஸ் துணை நின்றதை வேகமாகத் தாண்டிப்போவோம். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. இழந்து நின்ற ஓர் இளைஞனை நம்பி ஒருவர் பணம் போட்டிருக்கிறார்.

விழுந்திருப்பவர் தாமாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஒரே ஒருவரிடம் முழு உண்மையைச் சொல்வது. பத்துப் பேரிடம் வேண்டாம். உடனே புத்திமதி சொல்லாத, வெளியே கொண்டுபோகாத ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். நான் என் மனைவியிடம்கூடத் தொகையைச் சொல்லாமல் மறைத்திருந்தேன். நோட்டை அவள் முன் வைத்த இரவில் அவள் கேட்டது ஒரே கேள்வி: "இவ்வளவு நாளும் இதைத் தனியாகவா வைத்திருந்தீர்கள்?"

தேற்றப் போகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். "எல்லாம் நல்லதுக்குத்தான்", "உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்" என்ற இரண்டையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவை பேசுகிறவரின் சங்கடத்தைத்தான் தீர்க்கின்றன. "நாளைக்குப் பிள்ளைகளை நான் பள்ளிக்கூடத்தில் விட்டுவிடுகிறேன்", "வங்கிக்கு நானும் கூட வருகிறேன்" என்பவை தேற்றும்.

தேறச் சொல்லக் கூடாத இடங்கள்

வெள்ளியங்கிரியில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகக் காவிரிக்குப் போகிற நொய்யல், சாயக்கழிவால் கெட்டது. 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குப் பதிலாகக் கழிவைத் தேக்கும் குட்டையானது. அந்தக் கரையில் நிலம் உப்பாகிப்போன விவசாயியிடம் போய் மனதைத் திடப்படுத்திக்கொள் என்று சொல்வது அநியாயம். அவர்கள் சேர்ந்து நீதிமன்றத்துக்குப் போனார்கள். கழிவுநீரை வெளியே விடாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்போது வேலையிழந்த சாயத் தொழிலாளிகளின் துன்பமும் உண்மையானது. பிறகு கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் பொது நிலையங்களோடு தொழில் மீண்டது. கூலியைத் தராதவரிடம் கூலியைக் கேட்பது, கொடுமைப்படுத்துகிறவரைப் பற்றிப் புகார் கொடுப்பது, ஊராகச் சேர்ந்து வழக்காடுவது, இவையும் 'என் கையால் ஒன்று மாறும்' என்பதன் பெரிய வடிவங்கள். மாற்ற வேண்டியதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இன்னொரு எல்லை நோய். இரண்டு வாரத்துக்கும் மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அல்லது ஒரு நாளேனும் உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால், அது மனவுறுதி பற்றிய கேள்வியே அல்ல. மருத்துவம் வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். வீட்டில் ஒருவர் அப்படிப்பட்ட நிலையில் இருக்கிறார் என்று தோன்றினால் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தோட்டத்து வீடாக இருந்தால் பூச்சி மருந்தை வேறிடத்துக்கு மாற்றிப் பூட்டி, சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

எனக்கு இன்று சொந்த யூனிட் இல்லை. ஒரு கம்பெனியில் உற்பத்தியை மேற்பார்க்கும் வேலை. நோட்டில் இன்னும் இரண்டு பெயர்கள் அடிக்கப்படாமல் இருக்கின்றன. சனிக்கிழமை மாலைகளில் பிற யூனிட்டுகளில் கூலி பட்டுவாடா நடப்பதைப் பார்த்தால் குடம் கொஞ்சம் கலங்கும்.

போன மாதம் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு சிறிய யூனிட் மூடினார்கள். அதை நடத்தியவரோடு எனக்குப் பார்த்தால் தலையசைக்கும் அளவுக்குத்தான் பழக்கம். மூன்றாம் நாள் மாலை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனேன். ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. குனிந்து உள்ளே போனால், துணி போர்த்திய மெஷின்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஏன் வந்தீர்கள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இருபது நிமிடம் போயிருக்கும். "டீ சொல்லட்டுங்களா?" என்றார்.